அர்க்காடியாவில் நாலு நாள்: எந்த ஊரில் ரூம் போடுவது?

கிரீஸுக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஏதென்ஸ் இரண்டு நாள், சாண்டோரினி வேண்டாம், கூட்டம் தாங்காது, கிராமப்புறமாகவும் இருக்க வேண்டும், பழமையும் இருக்க வேண்டும், கையில் நாலு நாள்தான் இருக்கிறது, அர்க்காடியா என்று கேள்விப்பட்டோம், அங்கே எந்த ஊரில் தங்குவது?

சரியான கேள்விதான். ஆனால் கேட்பதற்கு முன்பே பாதிப் பேர் திமித்சானாவில் ரூம் போட்டுவிட்டு வந்து, சரிதானே என்று தலையாட்டச் சொல்கிறார்கள். மலைச்சரிவில் கல் வீடுகள் அடுக்கியிருக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் கை தானாகப் போகும். எனக்கும் போனது. முதல் தடவை மூன்று இரவையும் அங்கேயே போட்டுவிட்டு, ஒரு நாள் கடலோரத்து லெயோனிதியோவைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று காலையில் கிளம்பினேன். வரைபடத்தில் 150 கிலோமீட்டருக்குள்தான் காட்டியது. போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டி, ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு காபி குடித்தேன், இருட்டுவதற்குள் மலையேற வேண்டுமே என்று திரும்பினேன். அவ்வளவுதான் அன்றைய சுற்றுலா.

அர்க்காடியா என்பது ஒரு ஊர் இல்லை, கிரீஸின் தெற்குத் தீபகற்பமான பெலொபொனேசின் நடுமலையிலிருந்து கிழக்குக் கடல் வரை நீளும் ஒரு மாவட்டம், குறுக்கே மைனலோன், பார்னோன் என்று இரண்டு மலைத்தொடர்கள். ஆடு மேய்ப்பவன் குழல் ஊத, நிழலில் காதலர்கள் பாட்டுப் பாடும் சொர்க்கம் என்ற அர்க்காடியா ரோமானியக் கவி வெர்ஜில் கட்டியது. உள்ளூர்க்காரரான பொலிபியஸ், கி.மு. 2ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர், மெகலோபோலிஸில் பிறந்தவர், வேறு கதை சொல்கிறார். குளிரும் கடும் உழைப்புமான வாழ்க்கை இது, மனிதர்கள் முரடாகிவிடக் கூடாதென்றுதான் எங்கள் முன்னோர் 30 வயது வரை எல்லோரும் இசை பழக வேண்டுமென்று கட்டாயமாக்கினார்கள், அதைக் கைவிட்ட கைனைத்தா ஊர்க்காரர்கள் காட்டுமிராண்டிகளாகவே போய்விட்டார்கள் என்கிறார். போய்ப் பார்த்தவன் என்ற முறையில் நான் பொலிபியஸ் பக்கம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு உருப்படியான தேர்வு மூன்று. மேற்கு மலையில் திமித்சானா, ஸ்டெம்னித்சா கிராமங்கள். நடுவில் சமவெளி நகரமான திரிபோலி. கிழக்கே கடலோரம் லெயோனிதியோ.

## முதலில் உங்களையே கேட்க வேண்டியவை

கார் ஓட்டுவீர்களா? மற்ற எல்லாக் கேள்விகளையும் இதுவே பாதி முடித்துவிடும். பெலொபொனேசின் உள்பகுதிக்குப் போய்க்கொண்டிருந்த பழைய ரயில் பாதையில் 2010-11 வாக்கில் சேவையை நிறுத்திவிட்டார்கள், இப்போது பஸ்தான். திரிபோலி வரை நல்ல பஸ் வசதி உண்டு, அதைத் தாண்டினால் கஷ்டம். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்துவிட வேண்டும். வண்டி வலதுபக்கம் போகும். மலிவான வாடகை கார்கள் பெரும்பாலும் கையால் கியர் மாற்றுபவை, ஆட்டோமேட்டிக் கேட்டால் விலை ஏறும், கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்கவே கிடைக்காது.

எந்தப் பழமை வேண்டும்? "பழமையான இடம்" என்று எல்லோரும் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். இடிந்த கோயிலும் போர்க்களமும் வேண்டுமென்றால் ஒரு இடம், பாறையில் ஒட்டிய மடாலயமும் நடைபாதையும் வேண்டுமென்றால் இன்னொரு இடம். பேச்சிலேயே பழமை இருக்கும் ஊர் ஒன்றும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த மாதம், எந்தக் கிழமை? கிழமை ஏன் என்று யோசிக்காதீர்கள், மலைக் கிராமங்களில் காசு அங்கேதான் போகிறது.

அப்புறம் கூட வருகிறவர்களின் முழங்கால், கடைசியாகச் சாப்பாடு. சைவம் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மூன்று இடத்துக்கும் பொது: உணவகத்தில் "நிஸ்தீசிமோ" என்று கேளுங்கள். விரத நாள் சாப்பாடு என்று பொருள், கறியும் பாலும் முட்டையும் சேராது. சிப்பி, கணவாய் வகைகளை மட்டும் விரதத்திலும் சாப்பிடுவார்கள், அதனால் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய வெள்ளை பீன்ஸ், வேகவைத்த மலைக்கீரையில் எலுமிச்சை பிழிந்தது, பருப்பு மசியல் எல்லாம் இதில் வந்துவிடும். நான் சைவம் என்று நீட்டி விளக்குவதைவிட இந்த ஒரு சொல் வேகமாக வேலை செய்கிறது.

## திமித்சானா, ஸ்டெம்னித்சா: மலை

இரண்டும் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில், சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பவை. நடுவில் லூசியோஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. கிரேக்கக் கடவுளரின் அரசனான சியூஸை, பிறந்த குழந்தையாக இருந்தபோது, இந்த ஆற்றில்தான் குளிப்பாட்டினார்கள் என்பது கதை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரீஸ் முழுக்கச் சுற்றிய பவுசானியாஸ், தனக்குத் தெரிந்த ஆறுகளில் இதன் தண்ணீர்தான் குளிர்ச்சி அதிகம் என்கிறார். மே மாதத்தில் கால் வைத்துப் பார்த்தேன், மனிதர் பொய் சொல்லவில்லை.

பள்ளத்தாக்குக்குள் ப்ரோத்ரோமு மடாலயம் செங்குத்துப் பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மரத்தாலான மாடங்கள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்கம் பிலோசோபு மடாலயம், அதன் பழைய கட்டடம் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பாறையிலிருந்து பிரித்துப் பார்க்கவே கண்ணுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். இன்னும் கீழே ஆற்றங்கரையில் பண்டைய கோர்த்திஸ், அஸ்க்லேப்பியோஸ் என்ற வைத்தியக் கடவுளின் கோயிலும் குளியலறைகளும் இருந்த இடம். ஸ்டெம்னித்சாவிலிருந்து பள்ளத்தாக்கு வழியாகத் திமித்சானாவுக்கு 12.5 கிலோமீட்டர் நடை. 75 கிலோமீட்டர் நீளமுள்ள மைனலோன் நடைபாதையின் முதல் பகுதி அது. ஐந்து மணி நேரம் என்று பலகை சொல்லும், ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திமித்சானாவில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது ஊருக்குக் கீழே இருக்கும் நீர்விசை அருங்காட்சியகம். அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பெட்டியை நினைக்க வேண்டாம், இங்கே எல்லாம் ஓடுகிறது. ஒரு பெரிய மரத்தொட்டி, மேலிருந்து தண்ணீர் சாய்வாக அதற்குள் பாய்கிறது, உள்ளே கம்பளிப் போர்வை சுழன்றுகொண்டே இருக்கிறது. சோப்பும் இல்லை மின்சாரமும் இல்லை, வாஷிங் மெஷினேதான். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் தறியில் நெய்த துணியை இங்கே கொண்டுவந்து போட்டு எடுத்தால் அது இறுகி மெத்தென்று ஆகிவிடுமாம். பக்கத்துக் கொட்டகையில் அதே தண்ணீர் உலக்கைகளை வரிசையாகத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அது வெடிமருந்து ஆலை. துருக்கியருக்கு எதிரான 1821 சுதந்திரப் போருக்கு மருந்து இடித்துக் கொடுத்த ஊர் இது. மருந்து கிடைத்தது, தோட்டா சுற்றக் காகிதம் கிடைக்கவில்லை, அதனால் ஊர் நூலகத்துப் புத்தகங்களைக் கிழித்திருக்கிறார்கள். மிச்சமிருக்கும் நூலகம் இன்றும் ஊரில் இருக்கிறது.

*மறைந்திருக்கும் செலவு.* ஏதென்ஸ்காரர்களுக்கு இது வார இறுதி ஊர். நம்ம கணக்குப்படி குளிர்காலம் "ஆஃப் சீசன்", விலை குறையும் என்று நினைப்போம். இங்கே தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெள்ளி, சனி இரவுகளும், கிறிஸ்துமஸும், அக்டோபர் 28 தேசிய விடுமுறையும்தான் உச்சம், கணப்படுப்பு இருக்கும் அறைக்கு அடிதடி. செவ்வாய்க்கிழமை வந்தால் அதே அறை பாதி விலைக்குக்கூடக் கிடைக்கலாம், ஆனால் ஊரில் பாதி உணவகம் பூட்டியிருக்கும். பஸ் திரிபோலியிலிருந்து நாளைக்கு ஒன்றோ இரண்டோ, ஞாயிறு நம்பாதீர்கள். ஊருக்குள் கார் நிறுத்த இடம் கிடையாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்படிகளில் ஏற வேண்டும். மடாலயத்துக்குள் அரைக்கால் சட்டையோடு விடமாட்டார்கள்.

*யாருக்கு:* கார் இருக்கிறவர், நடப்பவர், ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரையோ செப்டம்பர், அக்டோபரிலோ வருகிறவர். இரண்டில் எது என்றால் நான் ஸ்டெம்னித்சா சொல்வேன். படத்துக்குத் திமித்சானா, இருப்பதற்கு ஸ்டெம்னித்சா. மாலையில் சதுக்கத்து மணிக்கூண்டின் கீழே உட்கார்ந்தால் ஊரே வந்து உட்காரும். வெள்ளி வேலைக்குப் பேர்போன ஊர், அதற்கென்று பயிற்சிப் பள்ளியும் உண்டு.

## திரிபோலி: சமவெளி

திரிபோலியைப் பார்த்துவிட்டு ஆஹா என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சுதந்திரப் போரின் தளபதி கோலோகோத்ரோனிஸின் படை 1821இல் முற்றுகையிட்டுப் பிடித்து, பயங்கரமான படுகொலை நடந்த ஊர், பிறகு எகிப்தியத் தளபதி இப்ராஹிம் பாஷா தரைமட்டமாக்கிவிட்டுப் போனார். ஆகவே பழைய கட்டடம் என்று எதையும் தேட வேண்டாம். குதிரை மேல் கோலோகோத்ரோனிஸ் சிலை நிற்கும் பெரிய சதுக்கம், சுற்றிக் காபிக்கடைகள், மாணவர்கள், மருந்துக்கடை, ஏ.டி.எம்., வேலைநாள் போக்குவரத்து நெரிசல். சுற்றுலாப் பயணிகளுக்காக அலங்கரித்துக்கொள்ளாத ஊர், விலையும் அப்படியே.

ஆனால் கல் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட வசதியான தலைமையகம் கிடையாது. பத்துக் கிலோமீட்டருக்குள் தெகேயா. அதீனா அலேயா கோயிலை ஸ்கோபாஸ் என்ற பெரிய சிற்பி கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டினார், பெலொபொனேசிலேயே இதற்கு நிகரான கோயில் இல்லை என்பது பவுசானியாஸின் கருத்து. இன்று அடித்தளமும் வண்டிச்சக்கரம் போல உருண்டு கிடக்கும் தூண் துண்டுகளும்தான், சுற்றிக் கிராமத்து வீடுகள். அந்தக் கோயிலில் கிரேக்கப் புராணத்தில் வரும் கலிதோன் காட்டுப்பன்றியின் தந்தங்கள் இருந்தனவாம், அகஸ்டஸ் சீசர் அம்மன் சிலையோடு அதையும் ரோமுக்கு எடுத்துப் போய்விட்டார். தோல் மட்டும் மிஞ்சியது, பவுசானியாஸ் போனபோது அது மயிரெல்லாம் உதிர்ந்து நைந்து கிடந்திருக்கிறது. அவர் போனதே அகஸ்டஸுக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து. நாம் பழமை என்று பார்க்கப் போகிற இடத்தில் அவரும் பழமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே சின்ன அருங்காட்சியகம், நன்றாக வைத்திருக்கிறார்கள், தவற விடாதீர்கள்.

வடக்கே மந்தினேயா, கி.மு. 362இல் தீப்ஸின் தளபதி எபமினோண்டாஸ் உயிர்விட்ட போர்க்களம். சமவெளியைச் சுற்றி இன்று திராட்சைத் தோட்டங்கள். மொஸ்கோபிலேரோ என்ற ரகம், தோல் இளஞ்சிவப்பு, ஒயின் வெள்ளை. மேட்டுநிலத்துக் குளிரில் மெதுவாகப் பழுப்பதால் அறுவடை அக்டோபர் வரை இழுக்கும். தெற்கே நெடுஞ்சாலையில் அரைமணி நேரத்தில் மெகலோபோலிஸ், எபமினோண்டாஸ் தூண்டுதலில் உருவான நகரம், 20,000 பேர் உட்காரக்கூடிய நாடக அரங்கு. அங்கிருந்து பார்த்தால் பழுப்பு நிலக்கரி மின்நிலையத்தின் கோபுரங்கள் தெரியும். பலருக்கு அது எரிச்சல், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் லிக்கயோன் மலைக்குப் போங்கள். ஏறக்குறைய 1,380 மீட்டர் உயர உச்சியில் சியூஸின் பலிபீடம். பீடம் என்றால் கட்டடம் இல்லை, நூற்றாண்டுக் கணக்கில் எரித்த பலிகளின் சாம்பலும் எலும்பும் சேர்ந்து உருவான மேடு. நரபலி நடந்தது என்று பழைய எழுத்தாளர்கள் கிசுகிசுத்தார்கள், 2016இல் அந்த மேட்டில் ஒரு மனித எலும்புக்கூடு கிடைத்ததாக அகழாய்வாளர்கள் அறிவித்தார்கள், பலியா அடக்கமா என்று அதை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை. என்ன நடக்கிறது என்று துருவ எனக்கு விருப்பமில்லை, ஆதியில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று பவுசானியாஸ் நழுவிவிடுகிறார். மேலே காற்று மட்டும்தான், கடையும் கிடையாது டிக்கெட்டும் கிடையாது.

*மறைந்திருக்கும் செலவு.* நேரம்தான். சிறிய தொல்லியல் இடங்கள் பலவும் மதியம் மூன்று, மூன்றரைக்கு மூடிவிடும், செவ்வாய் விடுமுறை சாதாரணம். ஏதென்ஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம், ஆனால் வழியில் சுங்கச்சாவடி மாற்றி சுங்கச்சாவடி. கோயில் கல்லில் ஆர்வமில்லாத ஒருவரை அழைத்து வந்தால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழிக்க வேண்டும், அதையும் செலவில்தான் சேர்க்கிறேன்.

*யாருக்கு:* பஸ்ஸில் வருகிறவருக்கு வேறு வழியே இல்லை, இதுதான். தெகேயாவுக்கு டாக்ஸியே கட்டுப்படியாகும். பெரியவர்களுக்கும் இதுதான் சௌகரியம், இடங்கள் சமதரை, மருத்துவமனையும் ஊரிலேயே.

## லெயோனிதியோ: கடலோரம்

சிவப்புப் பாறைச் சுவர் ஊருக்குப் பின்னால் அப்படியே எழுந்து நிற்கும், முன்னால் ஆலிவ் தோப்பு, நாலு கிலோமீட்டரில் பிளாகா துறைமுகம், கூழாங்கல் கடற்கரை. பாறையேறுபவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள், அவர்களுக்கு நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன்.

கோயில் இடிபாடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பேச்சுதான் இங்கே பழமை. த்சாக்கோனியா என்று இந்தப் பகுதிக்குப் பெயர், இதன் மொழி த்சாக்கோனிக்கா. மற்ற எல்லாக் கிரேக்க வட்டார வழக்குகளும் ஏதென்ஸ் வழி வந்த பொதுமொழியிலிருந்து கிளைத்தவை, இது மட்டும் ஸ்பார்ட்டாக்காரர்கள் பேசிய டோரிக் வழியில் வந்தது. அம்மாவுக்கு இன்றைய கிரேக்கத்தில் மிதேரா, இங்கே மாத்தி. பழைய டோரிக்கில் மாத்தேர். அந்த ஒரு "மா" அப்படியே தப்பி வந்திருக்கிறது. ஊருக்குள் நுழையும்போது "காவூர் எக்கானதே" என்று வரவேற்புப் பலகை. இன்னொரு பலகை, எங்கள் மொழி த்சாக்கோனிக்கா, யாரிடமாவது பேசச் சொல்லிக் கேளுங்கள் என்கிறது. நானும் கேட்டேன். காபிக்கடைப் பெரியவர் ஒருவர் பக்கத்து மேசைக்காரரைக் கை காட்டினார், அவர் இன்னொருவரைக் கை காட்டினார், கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து எனக்கு எண்கள் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஐந்தாவது எண்ணில் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். சரளமாகப் பேசுபவர்கள் எல்லாம் வயதானவர்கள்தான். தெகேயாவின் தூண்கள் இன்னும் நூறு வருடம் அங்கேயே கிடக்கும், இது கிடக்காது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஈஸ்டர் இரவில் பேரூராட்சி முழுக்கக் காகித வெப்பக் காற்றுக் கூண்டுகளை வானில் விடுவார்கள். கோடையில் கத்திரிக்காய்த் திருவிழா. இந்த ஊர்க் கத்திரிக்காய் நீளமாக, ஊதாவில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும், கசப்பே கிடையாது, பூர்வீக உற்பத்திப் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சான்றும் வாங்கியிருக்கிறது. அதைச் சர்க்கரைப்பாகில் ஊறவைத்து இனிப்பாகவும் தருகிறார்கள். கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும் என்று கேட்டிருக்கிறேன், பாட்டிலில் வருமென்று நினைக்கவில்லை.

*மறைந்திருக்கும் செலவு.* சாலை. அஸ்த்ரோஸிலிருந்து கடலை ஒட்டி வளைந்து வளைந்து வருவது அழகு, ஆனால் பின்சீட்டுக்காரர்களுக்குக் குமட்டும், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். மேற்கே எலோனா மடாலயம் வழியாகக் கோஸ்மாஸுக்கு ஏறுவது முழுக்கக் கொண்டை ஊசி வளைவு, பனிக்காலத்தில் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இங்கிருந்து மலைப்பக்கத்து இடங்கள் எதையும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள், என் கதைதான் ஆகும். ஜூலை, ஆகஸ்டில் அறை விலை கூடும், வெயிலும் பாறையில் பட்டுத் திரும்பி அடிக்கும்.

*யாருக்கு:* கடல் இல்லாமல் விடுமுறை இல்லை என்கிறவர்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள், குளிர்காலத்தில் வருகிறவர்கள் (மலையில் உறையும்போது இங்கே வெயிலில் வெளியே உட்காரலாம்). அப்புறம் மொழிப் பைத்தியங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | திமித்சானா / ஸ்டெம்னித்சா | திரிபோலி | லெயோனிதியோ |
|---|---|---|---|
| கார் இல்லாமல் | மிகக் கஷ்டம் | முடியும் | வந்து சேரலாம், சுற்ற முடியாது |
| என்ன பழமை | மடாலயம், ஆலை, நடைபாதை | கோயில், போர்க்களம், பலிபீடம் | மொழி |
| நல்ல மாதம் | மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் | ஏப்ரல் முதல் அக்டோபர் | ஆகஸ்ட் தவிர எதுவும் |
| காசு எங்கே போகும் | வார இறுதி அறை | சுங்கம், டாக்ஸி | பெட்ரோல், கோடைக்கால அறை |
| முழங்கால் வலி | வேண்டாம் | நல்லது | ஊருக்குள் பரவாயில்லை |
| எத்தனை இரவு | 2 | 1 அல்லது 2 | 2 |

பஸ்ஸே என்ற இடத்திலுள்ள புகழ்பெற்ற கோயில் எங்கே என்று கேட்பீர்கள். அப்போலோ எபிகூரியோஸ் கோயில், 1986இல் கிரீஸிலிருந்து முதன்முதலாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, பழைய அர்க்காடியாவில் இருந்தாலும் இன்றைய எல்லைப்படி பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. 1987 முதல் பெரிய வெள்ளைக் கூடாரத்துக்குள் இருக்கிறது, அதன் சிற்பப் பட்டை லண்டனில். ஸ்டெம்னித்சாவிலிருந்து கரிதேனா கோட்டை வழியாக ஒரு முழு நாள். கூடாரம் என்று கேட்டதும் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கென்னவோ அந்த மங்கிய வெளிச்சத்தில் சாம்பல்நிறத் தூண்களுக்கு நடுவே நிற்பது பிடித்துத்தான் இருந்தது.

கார் இருந்து நாலு இரவு இருந்தால் ஒரே ஊரில் போடாதீர்கள்: இரண்டு ஸ்டெம்னித்சா, இரண்டு லெயோனிதியோ, இடம் மாறும் நாளில் திரிபோலியில் மதியச் சாப்பாடும் தெகேயாவும். அந்த மாறும் நாள் செவ்வாயாக வேண்டாம். மலை இரவுகள் வாரநாளில் விழும்படி பார்த்துக்கொண்டால் அறையில் மிஞ்சும் காசு பெட்ரோலுக்கு ஆகும். போன மாதம் அம்மாவைக் கூட்டிப்போகிறேன், கார் ஓட்டத் தெரியாது என்று கேட்ட நண்பருக்கு மூன்று இரவும் திரிபோலியிலேயே போடச் சொன்னேன். தெகேயாவுக்கு ஒரு நாள், மந்தினேயாவுக்கு ஒரு நாள், மூன்றாவது நாள் டாக்ஸி பேசி ஸ்டெம்னித்சா வரை போய் மணிக்கூண்டடியில் ஒரு காபி. கிளம்புவதற்கு முன் ஓட்டுநரிடம் காத்திருப்பு நேரத்தையும் சேர்த்து விலை பேசிவிடச் சொல்லியிருக்கிறேன்.